வேர் எது, விழுது எது? ஆதிக் கிறித்தவமும் பண்டைத் தொன்மங்களும்

கி.பி. 155ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம் நகரில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறித்தவ ஆசிரியர் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட முறையீடு எழுதினார். கிறித்தவர்கள் தெய்வ நம்பிக்கை அற்றவர்கள், அரசுக்கு ஆகாதவர்கள் என்று பரவியிருந்த பழியைத் துடைப்பது அவர் நோக்கம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வாதம் இன்று படிப்பவரைத் திகைக்க வைக்கும். இயேசு கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் மாண்டார், உயிர்த்தெழுந்து விண்ணேறினார் என்று நாங்கள் சொல்வதில் உங்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். கன்னியிடம் பிறப்பதா? தானாயி பெற்ற பெர்சியுஸ் உங்களிடம் உண்டு. நோய் தீர்ப்பதா? அஸ்கிளேபியஸ் உண்டு, அவனும் இடி தாக்கி மாண்டு வானகம் போனவன்தான். சிதையேறி விண்ணுலகம் அடைந்த ஹெர்குலிஸ் உண்டு. இவர்களையெல்லாம் வணங்கிக்கொண்டு எங்களை மட்டும் ஏன் பகைக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி.

ஆக, இந்த ஒப்புமைகளை முதலில் தொகுத்தவர்களில் ஒருவர் தம் நம்பிக்கைக்காகவே பிற்பாடு உயிரைக் கொடுத்த கிறித்தவர். சுமார் இருபது ஆண்டுகளுக்குள் கெல்சுஸ் என்ற கிரேக்க நூலாசிரியர் அதே ஒப்புமைகளை எதிர்த்திசையில் ஏவினார். கிறித்தவர்கள் சொல்வதெல்லாம் பழங்கதை, அதையும் அரைகுறையாகச் சொல்கிறார்கள் என்றார். அவருடைய நூல் அழிந்துபோனது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கு மறுப்பு எழுதிய ஓரிஜென் அதைப் பத்தி பத்தியாக எடுத்துக்காட்டியதால்தான் அதன் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒப்புமை ஏன் இருக்கிறது என்பதற்கு ஜஸ்டினிடம் ஒரு விளக்கம் இருந்தது. கிறிஸ்து வரப்போவதை இறைவாக்கினரின் நூல்களிலிருந்து முன்பே அறிந்துகொண்ட தீய ஆவிகள், மக்களைக் குழப்புவதற்காகப் போலிக் கதைகளைப் பரப்பிவிட்டன என்றார். இன்றைய வரலாற்றாய்வில் அந்த விளக்கத்துக்கு இடமில்லை. ஆனால் அவர் கண்ட ஒப்புமைகள் அப்படியே நிற்கின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரும் வாதம் நடந்து வருகிறது.

1890இல் ஜேம்ஸ் ஃபிரேசர் தம் 'பொற்கிளை' நூலின் முதற்பதிப்பை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பின்னால் அது பன்னிரண்டாகப் பெருகியது. தம்மூஸ், அடோனிஸ், ஆட்டிஸ், ஓசிரிஸ் ஆகிய கீழைத் தெய்வங்கள் எல்லாம் ஆண்டுதோறும் செத்துப் பிழைக்கும் பயிரின் உருவங்கள் என்பது அவர் கொள்கை. கிறித்தவத்தை அவர் அந்த வரிசையில் நேராக உட்காரவைக்கவில்லை, வாசகர்களே உட்காரவைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உருவான ஓர் அறிஞர் குழு, விவிலியத்தை அதன் அண்டை அயல் சமயங்களோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கியது. அக்குழுவின் வில்ஹெல்ம் பூசெட் 1913இல் ஒரு முக்கியமான நூலை வெளியிட்டார். இயேசுவை 'ஆண்டவர்' என்று வழிபடும் வழக்கம் சிரியா போன்ற கிரேக்கமொழிப் பகுதிகளில், பிற தெய்வங்களை அப்படி அழைத்துவந்த சூழலில்தான் முளைத்தது என்று அதில் வாதிட்டார். இவர்கள் மூலமொழிகளைக் கற்ற உண்மையான அறிஞர்கள். இவர்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்றாலும், இவர்களைத் தாண்டிப் போக முடியாது.

சந்தையில் அதிகம் விற்றது வேறு சரக்கு. பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாக்கோலியோ, விவிலியக் கதைகள் இந்தியாவிலிருந்து போனவை என்று 1869இல் ஒரு நூல் எழுதினார். கிருஷ்ணனின் பெயரை இயேசு கிறிஸ்து என்று ஒலிக்கும்படி வளைக்கவும் அவர் தயங்கவில்லை. மாக்ஸ் முல்லர் அதைக் கடுமையாக மறுத்தார். 1875இல் கெர்சி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கர், சிலுவையில் அறையப்பட்ட இரட்சகர்கள் உலகில் பதினாறு பேர் என்று எழுதி, அந்தப் பட்டியலில் கிருஷ்ணனையும் புத்தரையும் சேர்த்தார். இதைச் சரிபார்க்கத் தமிழ் வாசகருக்கு எந்த நூலகமும் தேவையில்லை. கிருஷ்ணன் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. கன்னிப் பிறப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் மாண்டது ஜரன் என்ற வேடனின் அம்பு காலில் தைத்து. புத்தர் எண்பது வயதில் குசிநாராவில் சால மரங்களுக்கிடையே படுத்த நிலையில் பரிநிர்வாணம் அடைந்தார். நமக்குத் தெரிந்த இரண்டு வாழ்க்கையிலும் இந்த அளவு பிழை இருந்தால், நமக்குப் பழக்கமில்லாத எகிப்திய, பாரசீகப் பெயர்களைப் பற்றி அதே பட்டியல் சொல்வதை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் இன்னும் சாகவில்லை. 2003இல் வந்த 'டாவின்சி கோட்' நாவலில் ஒரு பாத்திரம், மித்ராஸ் என்ற தேவன் டிசம்பர் 25இல் பிறந்தான், பாறைக் கல்லறையில் புதைக்கப்பட்டு மூன்றாம் நாள் எழுந்தான் என்று அடித்துப் பேசுகிறது. 2007இல் இணையத்தில் பரவிய 'சைட்கைஸ்ட்' படம், எகிப்தியத் தேவன் ஹோரஸ் கன்னியிடம் பிறந்தவன், பன்னிரு சீடர்களைக் கொண்டவன், சிலுவையில் அறையப்பட்டவன் என்றது. எகிப்தியக் கல்வெட்டுகளிலோ பாப்பிரஸ் சுவடிகளிலோ இப்படி ஒரு ஹோரஸ் இல்லை.

அங்கே இருப்பது இதைவிடப் பெரிய கதை. ஓசிரிஸை அவன் தம்பி சேத் கொல்கிறான். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்தபடி உடலைப் பதினான்கு துண்டாக்கி எறிகிறான். ஓசிரிஸின் மனைவி ஐசிஸ் அலைந்து திரிந்து துண்டுகளைச் சேர்க்கிறாள். மீன் விழுங்கிய ஆண்குறி ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இறந்த கணவனின் உடலிலிருந்தே அவள் ஹோரஸைக் கருத்தரித்தாள் என்கின்றன எகிப்திய மூலங்கள். ஓசிரிஸ் மீண்டும் உயிர் பெறுகிறான், ஆனால் இவ்வுலகுக்குத் திரும்புவதில்லை. மறைந்தோர் உலகின் அரசனாகிறான். கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிரமிடு வாசகங்கள் தொடங்கி, இறந்த அரசன் ஓசிரிஸாகவே அழைக்கப்படுகிறான். பிற்காலத்தில் இறந்த குடிமக்களும் அப்பெயரைப் பெறுகிறார்கள். தெய்வத்தின் சாவில் பங்கு பெறுபவன் அதன் வாழ்விலும் பங்கு பெறுவான் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. திருமுழுக்கில் கிறிஸ்துவோடு இறந்து அவரோடு எழுவது பற்றி ரோமையருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்வதை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு. கன்னிப் பிறப்பு, பன்னிரு சீடர் என்று இல்லாததை ஏற்றிச் சொல்பவர்கள் இயேசுவுக்குச் செய்யும் அநீதியைவிட ஓசிரிஸுக்குச் செய்யும் அநீதி பெரிது. மூவாயிரம் ஆண்டுகள் ஒரு மக்கள் கூட்டம் சாவை எதிர்கொள்ளத் துணையாக இருந்த கதையை, வேறொரு கதையின் முதற்படியாகச் சுருக்கிவிடுகிறார்கள்.

ஃபிரேசரின் மற்ற தெய்வங்களிலும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். சுமேரியக் களிமண் பலகைகளில் இனன்னா தேவி கீழுலகுக்கு இறங்கிப் பிணமாகி ஆணியில் தொங்குகிறாள். மூன்று பகல் மூன்று இரவுக்குப் பிறகு உயிர்நீர் தெளித்து எழுப்பப்படுகிறாள். அவளுக்குப் பதிலாளாக அவள் கணவன் தூமுசி, விவிலியம் தம்மூஸ் என்று அழைப்பவன், கீழுலகுக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். பாதி ஆண்டு அவனும் மீதி ஆண்டு அவன் சகோதரியும் அங்கே இருக்க வேண்டும் என்று முடிவாகிறது. எருசலேம் கோயில் வாசலிலேயே பெண்கள் தம்மூஸுக்காக அழுததை எசேக்கியேல் நூல் வருத்தத்தோடு குறிப்பிடுகிறது. சிரியக் கடற்கரையில் உகாரித் நகரம் 1929 முதல் அகழப்பட்டபோது கிடைத்த பலகைகளில், பாகால் தெய்வத்தைச் சாவின் தெய்வமான மோத் விழுங்குகிறான், பின் பாகால் மீள்கிறான். பைப்லோஸ் நகரில் அடோனிஸுக்கு ஒப்பாரி வைத்தவர்கள் மறுநாள் அவன் உயிரோடிருப்பதாகச் சொல்வார்கள் என்று லூசியன் பெயரில் வழங்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு நூல் தெரிவிக்கிறது. இது கிறித்தவம் பரவத் தொடங்கிய பிறகான சான்று.

ஆட்டிஸ் கதையில் சான்று இன்னும் மெல்லியது. தன்னைத்தானே அறுத்துக்கொண்டு மாண்ட அவனுக்குக் கிடைத்த வரம், உடல் அழுகாதிருக்கும், முடி வளரும், சுண்டுவிரல் மட்டும் அசையும் என்பதுதான் என்று கி.பி. 300ஐ ஒட்டி எழுதிய அர்னோபியஸ் சொல்கிறார். அவனுக்கான மார்ச் 25 மகிழ்ச்சி விழாவை நாள்காட்டியில் காண நாம் கி.பி. நான்காம் நூற்றாண்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

சிகாகோவின் ஜொனதன் ஸ்மித் 1987இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில், 'செத்துப் பிழைக்கும் தெய்வம்' என்ற வகைப்பாடே பெரும்பாலும் அறிஞர்களின் கற்பனை என்றார். சில தெய்வங்கள் இறந்தன, திரும்பவில்லை. சில மறைந்தன, இறக்கவில்லை. இரண்டையும் ஒட்டிவைத்தது ஃபிரேசர் என்பது அவர் வாதம். அந்தத் தீர்ப்பு பல ஆண்டுகள் நிலைத்தது. 2001இல் சுவீடனின் திரிக்வே மெட்டிங்கர் பழைய மூலங்களை மறுபடி படித்து, பாகால், தூமுசி, மெல்கார்ட் போன்ற சில தெய்வங்கள் கிறித்தவத்துக்கு முன்பே உண்மையில் இறந்து மீண்டவர்களாகப் போற்றப்பட்டதைக் காட்டினார். இயேசுவின் உயிர்த்தெழுதல் நம்பிக்கை இவற்றிலிருந்து கட்டப்பட்டது என்பதற்கு ஆதாரம் தெரியவில்லை என்பதையும் அதே நூலில் எழுதினார். மெட்டிங்கரின் இந்த இரட்டை முடிவு இருதரப்புப் பிரசாரகருக்கும் வசதியாக இல்லை. சான்றுகளோடு அதிகம் பொருந்துவது அதுதான்.

மித்ராஸ் தனிக்கதை. ரோமப் பேரரசின் எல்லைப் படைமுகாம்களிலிருந்து துறைமுக நகரங்கள் வரை அவனுக்கு நூற்றுக்கணக்கான நிலவறைக் கோயில்கள் இருந்தன. லண்டனில் ஒன்று 1954இல் கிடைத்தது. ரோமில் புனித கிளெமென்ட் ஆலயத்தின் படிகளில் இறங்கினால், இன்றைய ஆலயத்துக்குக் கீழே நான்காம் நூற்றாண்டு ஆலயம், அதற்கும் கீழே மித்ராஸின் பலிபீடம். ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய அந்த வழிபாட்டில் காகம் தொடங்கித் தந்தை வரை ஏழு படிநிலைகள். அதில் அப்பமும் நீர்க்கிண்ணமும் வைத்துச் சில வாசகங்கள் ஓதினார்கள் என்று ஜஸ்டினே சொல்கிறார். ஆனால் மித்ராஸ் கன்னியிடம் பிறக்கவில்லை. பாறையிலிருந்து வளர்ந்த இளைஞனாக வெளிவருகிறான். அவன் காளையைக் கொல்கிறான். அவன் இறந்ததாக ஒரு சிற்பமும் இல்லை, ஒரு வரியும் இல்லை. கி.மு. 67இல் ரோமத் தளபதி பாம்பே அடக்கிய கடற்கொள்ளையர் மித்ராஸை வழிபட்டதாகப் புளூட்டார்க் எழுதினாலும், ரோம உலகில் இந்தக் கோயில்களுக்கான உறுதியான சான்று முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகிறது. ஆண்டவரின் இரவு விருந்தைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அதற்கு ஒரு தலைமுறை முன்பு, 54ஐ ஒட்டி. ஆகவே அப்பமும் கிண்ணமும் மித்ராஸ் கோயிலிலிருந்து வந்தன என்று சொல்லக் காலக்கணக்கு இடம் தரவில்லை. ஆண்டவரின் விருந்துக்கு அருகிலேயே, யூதர் வீட்டுப் பாஸ்கா மேசையில், அப்பமும் இரசக் கிண்ணமும் ஆசியுரையும் இருந்தன.

இந்த 'அருகில்' என்ற அளவுகோலை முன்னிறுத்தியவர்களில் ஒருவர் சாமுவேல் சாண்ட்மெல் என்ற யூத அறிஞர். 1961இல் விவிலிய ஆய்வாளர் சங்கத்தின் தலைமையுரையில், எங்கே இரண்டு வரி ஒத்துப்போனாலும் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று முடிவுகட்டும் பழக்கத்தை ஒரு பித்து என்று கண்டித்தார். சான்றின் வயது என்ன, இரண்டும் சந்தித்த இடம் எது, இதைவிட நெருங்கிய ஊற்று உண்டா என்று கேட்டுப் பார்த்தால் பட்டியலின் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

உயிர்த்தெழுதலுக்கு அந்த நெருங்கிய ஊற்று தெளிவாகவே இருக்கிறது. கி.மு. 165ஐ ஒட்டி, யூதரை ஒடுக்கிய அந்தியோக்கஸ் மன்னனின் கொடுமைக் காலத்தில் இறுதி வடிவம் பெற்ற தானியேல் நூல், மண்ணில் உறங்குவோர் விழித்தெழுவர் என்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு சகோதரர்கள் சித்திரவதையில் சாகும்போது, கடவுள் இந்த உடலைத் திருப்பித் தருவார் என்று சொல்லிச் சாகிறார்கள். இது பயிரின் ஆண்டுச் சுழற்சியில் பிறந்த நம்பிக்கையல்ல. நீதிமான் கொல்லப்படுகிறான், கடவுள் நீதியுள்ளவர் என்றால் கணக்கு இங்கே முடியக்கூடாது என்ற தவிப்பில் பிறந்தது. சாக்கடல் அருகே 1947 முதல் கிடைத்த கும்ரான் சுருள்களில் ஒன்று, இறந்தோரை எழுப்புவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி சொல்வதையும் மெசியாவின் காலத்தோடு சேர்த்துப் பேசுகிறது. நம் பாவங்களுக்காக மாண்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார் என்று பவுல் தமக்கு முன்னோர் ஒப்படைத்ததாகச் சொல்லும் அறிக்கை, சிலுவை மரணம் நடந்து சில ஆண்டுகளுக்குள் உருவானது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது யூத மறைநூலையே சான்றுக்கு அழைக்கிறது, அடோனிஸை அழைக்கவில்லை. வேர் இங்கே இருக்கிறது. மற்றவை ஆலமரத்து விழுதுகள். ஆனால் விழுதும் மண்ணில் இறங்கி ஊன்றிய பின் மரத்தைத் தாங்கும் தூணாகிவிடுகிறது.

தூணான விழுதுகளில் முதலாவது, பிறப்புக் கதை. கிரேக்கத் தொன்மங்களில் தெய்வம் பெண்ணோடு கூடியே பிள்ளை பெறுகிறது. தானாயின் மீது ஜீயஸ் பொன்மழையாகப் பொழிந்தாலும் அது கூடல்தான். மத்தேயுவிலும் லூக்காவிலும் அந்தச் சாயல் இல்லை. ஆனால் இன்னொரு வகைக் கதை அவற்றுக்கு மிக அருகில் நிற்கிறது. பிளேட்டோவின் தந்தை அரிஸ்டன், மனைவி பிள்ளை பெறும்வரை அவளை நெருங்கவேண்டாம் என்று அப்போலோவால் தடுக்கப்பட்டார், ஆகவே பிளேட்டோ அப்போலோவின் மகன் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர் பிளேட்டோவின் சகோதரி மகன் ஸ்பியூசிப்பஸ். கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பும் மகன் பிறக்கும்வரை மரியாவை அறியவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். பெருமனிதனின் பிறப்பைக் கேட்கும் காதுகள் அப்படிப் பழகியிருந்தன. அப்போலோ கோயிலில் உறங்கிய தன் தாயைப் பாம்பு தீண்டி அகஸ்டஸ் பிறந்தான் என்று ரோமானியர் பேசிக்கொண்டதை சுயடோனியஸ் பதிந்திருக்கிறார்.

அகஸ்டஸ் என்ற பெயரில் சற்று நிற்க வேண்டும். தொன்மத் தெய்வங்களைவிட ஆதிக் கிறித்தவர்களின் மொழிக்கு அருகில் நின்றது ரோமப் பேரரசனின் வழிபாடு. ஆசியா மாநிலத்து நகரங்கள் கி.மு. 9இல், அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23ஐப் புத்தாண்டு நாளாக்கி ஒரு தீர்மானம் செய்தன. பிரியேனே நகரில் கிடைத்த அதன் கல்வெட்டு அவனை இரட்சகன் என்றும், அந்தத் தெய்வம் பிறந்த நாளிலிருந்தே உலகுக்கு நற்செய்திகள் தொடங்கின என்றும் சொல்கிறது. அவனுடைய நாணயங்கள் அவனைத் தெய்வத்தின் மகன் என்றன. லூக்கா தம் பிறப்புக் கதையை அகஸ்டஸின் கட்டளையோடு தொடங்கி, வானதூதர் வாயால் இரட்சகர், நற்செய்தி, அமைதி என்ற சொற்களை ஒரு தீவனத் தொட்டிக் குழந்தைக்குச் சூட்டும்போது, முதல் வாசகர்களுக்கு எந்த அரண்மனை நினைவுக்கு வந்திருக்கும் என்பது வெளிப்படை. இதை நகல் என்பது பொருந்தாது; பேரரசின் சொத்தான சொற்களை ஏழைக் குடும்பம் ஒன்று எடுத்துப் புழங்கியிருக்கிறது. ஒப்புமைகள் எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது இதுதான்.

அற்புதங்களிலும் இந்தப் பொதுமொழி கேட்கிறது. எபிடாரஸ் நகரத்து அஸ்கிளேபியஸ் கோயிலில் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பார்வை பெற்றோரையும் நடந்த முடவரையும் ஊர்ப் பெயரோடு பட்டியலிடுகின்றன. அலெக்சாந்திரியாவில் ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் ஒரு பார்வையற்றவனின் கண்களை எச்சில் தடவித் திறந்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார். அது நடந்ததாகச் சொல்லப்படும் காலம் கி.பி. 70ஐ ஒட்டியது. மாற்கு நற்செய்தி எழுதப்பட்டதும் அதே ஆண்டுகளில். அதிலும் பெத்சாயிதாவில் இயேசு எச்சிலால் பார்வை தருகிறார். ஒரு கதை மற்றொன்றிலிருந்து வந்தது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. குணமாக்கும் கையிடம் அந்தக் காலத்து மனிதர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

கிரேக்கரின் மதுத் தெய்வமான டயோனிசஸின் விஷயம் இன்னும் சுவையானது. எலிஸ் நகரில் அவன் விழாவின்போது மூன்று வெற்றுப் பானைகளை அறையில் வைத்து முத்திரையிடுவார்கள், மறுநாள் அவற்றில் திராட்சை இரசம் நிறைந்திருக்கும் என்று பௌசானியஸ் எழுதுகிறார். ஆண்ட்ரோஸ் தீவில் அவன் கோயில் ஊற்று ஜனவரி 5ஆம் நாள் இரசச் சுவையோடு பாயும் என்கிறார் பிளினி. கானாவூர்த் திருமண வீட்டில் ஆறு கற்சாடித் தண்ணீர் இரசமான கதையைக் கிறித்தவர்கள் நினைவுகூர்ந்தது ஜனவரி 6 திருவெளிப்பாட்டு விழாவில். யோவான் நற்செய்தியின் உட்பொருள் யூதத் தூய்மைச் சடங்கின் நீர் மெசியாவின் விருந்தாவது பற்றியது. சாடிகள் எதற்கானவை என்று அந்த நற்செய்தியே சொல்லிவிடுகிறது. ஆனால் எபேசு போன்ற கிரேக்க நகரத்தில் இதைக் கேட்டவர்கள் டயோனிசஸை நினைக்காமல் இருந்திருக்க முடியாது. கதை ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வளரும்போது புதுப் பொருள் கொள்வதற்கு இது நல்ல சான்று.

பெரும் வாதத்துக்கு உள்ளாகும் டிசம்பர் 25க்கு வருவோம். 274இல் பேரரசர் அவுரேலியன் வெல்லமுடியாத சூரியனுக்கு ரோமில் கோயில் எடுத்தார். அந்தத் தெய்வத்தின் பிறந்தநாளில் முப்பது தேரோட்டங்கள் நடந்ததாகக் குறிக்கும் நாள்காட்டியும், அதே நாளில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததாகக் குறிக்கும் பட்டியலும் 354இல் தொகுக்கப்பட்ட ஒரே ஏட்டில் அருகருகே கிடைக்கின்றன. சூரிய விழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பது பரவலான விளக்கம். பிரெஞ்சு வரலாற்றாளர் லூயி துஷேன் 1889இல் வேறொரு வழி காட்டினார். இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று 200ஐ ஒட்டியே தெர்த்துல்லியன் கணக்கிட்டிருந்தார். கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்று கொண்டு அதோடு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. அகஸ்டினும் இந்தக் கணக்கைச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். நாள் எப்படி வந்திருந்தாலும் மக்கள் மனத்தில் சூரியன் மறையவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறி நின்று உதயசூரியனைத் திரும்பி வணங்கிவிட்டு உள்ளே வரும் கிறித்தவர்களைத் திருத்தந்தை லியோ கிறிஸ்து பிறப்பு மறையுரையில் கண்டிக்க வேண்டியிருந்தது.

ஓவியத்திலும் சிற்பத்திலும் எடுத்தாண்டதை யாரும் மறுப்பதில்லை. தோளில் ஆட்டைச் சுமந்த இளைஞன் கிரேக்கச் சிற்பத்தில் நூற்றாண்டுகளாக இருந்தவன். கல்லறைச் சுரங்கங்களில் அவனே நல்ல ஆயர் ஆனான். மூன்றாம் நூற்றாண்டுக் கல்சவப்பெட்டிகளில் யோனா கொடிப்பந்தலின் கீழ் சாய்ந்து உறங்கும் கோலம், நிலவுத்தேவி காதலித்த எண்டிமியோனின் கோலம்தான். செதுக்கிய பட்டறையும் உளியும் ஒன்றாகவே இருந்திருக்கும். வத்திக்கானின் அடியிலுள்ள இடுகாட்டில், யூலியர் குடும்பக் கல்லறைக் கூரையில், ஒளிக்கதிர் தலையோடு தேரேறும் சூரிய உருவம் ஒன்று திராட்சைக் கொடிகளுக்கிடையே பதிக்கப்பட்டிருக்கிறது. அது கிறிஸ்து என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

மரியாவும் ஐசிஸும் பற்றிய கேள்வி இதைவிட நுட்பமானது. 431இல் எபேசு சங்கம் மரியாவைக் கடவுளின் தாய் என்று உறுதி செய்தது. அந்நகரம் ஆர்ட்டெமிஸின் நகரம் என்பதால், தேவியின் இடத்தில் மரியாவை வைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆர்ட்டெமிஸ் மகனைப் பெற்ற தாயல்ல. அந்தப் பட்டமும் எபேசுவில் பிறந்ததல்ல, நூறு ஆண்டுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் வழங்கியது. தேட வேண்டிய இடம் எகிப்து. அங்கே ஹோரஸுக்குப் பால்கொடுக்கும் ஐசிஸ் வீட்டுச் சுவர்களில் தீட்டப்பட்டிருந்தாள்; அதே நாட்டின் துறவு மடங்களில் சில நூற்றாண்டுகள் கழித்துப் பாலூட்டும் மரியா தீட்டப்பட்டாள். அலெக்சாந்திரியாவை அடுத்த மெனூத்தியில் நோயாளிகள் ஐசிஸின் குணமளிப்பை நாடிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கு, சைரஸ், யோவான் என்ற இரு மறைசாட்சியரின் எலும்புகளை அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் கொண்டுபோய் வைத்தார். நோயாளிகள் பிறகு அந்தப் புனிதர்களிடம் வந்து படுத்துக் கனவுக்குக் காத்திருந்தார்கள். கோட்பாடு மாறியது, பிள்ளையின் காய்ச்சலோடு தாய் நடந்த பாதை அதேதான். சமயங்களின் உறவை நூல்களில் மட்டும் தேடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் ஓடவும் இல்லை. 361இல் அரியணை ஏறிய ரோமப் பேரரசன் ஜூலியன், பழைய தெய்வங்களை மீட்க விரும்பியபோது கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறித்தவர்கள் அந்நியருக்குச் சோறிடுகிறார்கள், இறந்தவரைப் புதைக்கிறார்கள், நாமும் சத்திரங்கள் கட்ட வேண்டும் என்று அதில் கட்டளையிட்டு, அதற்குத் தானியமும் ஒதுக்கினான். 376இல் ரோமில் ஏதேசியஸ் என்ற உயர்குடியினர் காளைப்பலிச் சடங்கை முடித்து, தாம் என்றென்றைக்குமாக மறுபிறப்பு அடைந்ததாகப் பலிபீடத்தில் கல்வெட்டுப் பொறித்தார். கிறித்தவர்களின் மறுபிறப்புப் பேச்சு இந்தச் சடங்கிலிருந்து எடுத்தது என்று ஒரு காலத்தில் பாடநூல்களே எழுதின. மறுபடியும் பிறப்பது பற்றி நிக்கொதேமோடு இயேசு பேசும் யோவான் நற்செய்தி, அந்தக் கல்வெட்டுக்குக் குறைந்தது 250 ஆண்டு மூத்தது. ஏதேசியஸ் வாழ்ந்த நகரத்தில் அப்போது பேரரசர்கள் கிறித்தவர்கள், ஆலயங்களில் திருமுழுக்குக் குளங்கள் நிறைந்திருந்தன. முந்தைய காளைப்பலிக் கல்வெட்டுகள் பேரரசரின் நலத்துக்கும் ஊரின் நலத்துக்கும் வேண்டிக்கொண்டவை. ஒரு தனிமனிதர் நிலையான மறுபிறப்பு பெற்றதாகச் சொல்வது அவற்றின் வழக்கமல்ல. இந்தப் புதுச்சொல்லை ஏதேசியஸ் தம் அயல்வீட்டாரிடமிருந்து பெற்றார் என்று கொள்வதற்கே சான்று அதிகம் இடம் தருகிறது.